ஐந்து வீட்டுப் புளி: எந்தக் கிலோவுக்கு என்ன விலை?

கிருஷ்ணகிரி மண்டியில் புளி மூன்று நிலையில் கிடைக்கும். மரத்திலிருந்து உலுக்கி வந்தபடி ஓட்டோடு இருப்பது ஒன்று. ஓட்டை உடைத்துவிட்டு, கொட்டையும் நாரும் உள்ளேயே இருப்பது இன்னொன்று. எல்லாம் நீக்கி, அப்படியே கரைக்கலாம் என்ற நிலையில் இருப்பது மூன்றாவது. வசதிக்காக இவற்றை ஓட்டுப்புளி, கொட்டைப்புளி, சுத்தப்புளி என்று வைத்துக்கொள்வோம்.

பாரூர் ஏரிப் பக்கம் ஓர் ஊர். அங்கே ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வருஷத்துப் புளியை மொத்தமாக வாங்கலாம் என்று கிளம்பினார்கள். மண்டியில் விசாரித்த விலை கிலோவுக்கு முறையே 42, 70, 130 ரூபாய். கேட்டவுடனே ஒரு பேச்சு பரவிவிட்டது: "130-க்கு விக்கிறது 42-க்குக் கிடைக்குது. கிலோவுக்கு 88 ரூபா மிச்சம்!"

இந்த 88 ரூபாய் கடைசியில் எவ்வளவாக நின்றது என்பதுதான் இந்த ஆய்வு. கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்ததால் தாள்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. புளி விலை விளைச்சலைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும் என்பதால் விலைகளை முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறேன். வீடுகளைப் பெயர் சொல்லாமல், அவரவர் கேட்ட அளவை வைத்தே அழைக்கிறேன்: 12 கிலோ வீடு, 8 கிலோ வீடு, 15 கிலோ வீடு, 6 கிலோ வீடு, 9 கிலோ வீடு. மொத்தம் 50 கிலோ. 15 கிலோ வீட்டு அண்ணன் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். 6 கிலோ வீட்டில் ஓர் ஆயா தனியாக இருக்கிறார். 8 கிலோ வீட்டில் கணவன் மனைவி இருவரும் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள்.

இரண்டு கிலோ மாதிரி

பொதுவாகப் புளியம்பழத்தில் நூற்றுக்கு 55 பங்கு சதை, 34 பங்கு கொட்டை, 11 பங்கு ஓடும் நாரும் என்று சொல்வார்கள். அது சராசரி. மரத்துக்கு மரம் மாறும். இதே மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் உரிகம் புளி நீள நீளமாகச் சதைப்பற்றோடு இருக்கும். சாலையோரத்து மரங்களில் பாதிக்கு மேல் கொட்டையாகவே வருவதும் உண்டு. அதனால் மண்டியிலேயே ஓட்டுப்புளியில் இரண்டு கிலோ மாதிரி வாங்கி வந்து, உடைத்து, தட்டி, எடை போட்டார்கள். சதை 1,040 கிராம், கொட்டை 700 கிராம், ஓடும் நாரும் 260 கிராம். அதாவது 52 : 35 : 13.

கொட்டைப்புளியிலும் ஒரு கிலோ பார்த்தார்கள். சதை 580, கொட்டை 380, நார் 40 கிராம்.

இந்த எண்கள் கையில் வந்ததும் விலைப்பட்டியல் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 42 ரூபாய் என்பது ஒரு கிலோ ஓட்டுப்புளியின் விலை. அதில் நாம் கரைக்கப்போவது 520 கிராம்தான். 520 கிராமுக்கு 42 என்றால் 1,000 கிராமுக்கு 42 × 1000 ÷ 520, அதாவது 80 ரூபாய் 77 காசு. கொட்டைப்புளியில் 580 கிராமுக்கு 70. ஆயிரத்துக்கு 120 ரூபாய் 69 காசு. சுத்தப்புளி 130, அதில் கழிக்க ஒன்றுமில்லை. 88 ரூபாய் மிச்சம் என்பது ஒரு மாதிரியைத் தட்டி முடிப்பதற்குள் 49 ஆகிவிட்டது.

அடுத்து எத்தனை கிலோ வாங்குவது என்ற கேள்வி. 9 கிலோ வீட்டுத் தம்பி கைப்பேசியில் தட்டி உடனே சொன்னான்: "48 சதவீதம் கழிவு. அதனால 50 கிலோவுக்கு மேல 48 சதவீதம் கூட வாங்கணும். 74 கிலோ." கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் 74 கிலோவில் 52 சதவீதம் எவ்வளவு? 38 கிலோ 480 கிராம். பதினொன்றரை கிலோ குறைகிறது.

எங்கே வழுக்கியது? கழிவு 48 சதவீதம் என்பது ஓட்டுப்புளியில் 48 சதவீதம். தம்பி அதைச் சதையின் மேல் ஏற்றிவிட்டான். சதையை அடியாக வைத்தால் 52 கிலோவுக்கு 48 கிலோ கழிவு, ஏறக்குறைய 92 சதவீதம். விகிதமாக எழுதினால் இந்தக் குழப்பமே வராது: 52-க்கு 100 என்றால் 50-க்கு எவ்வளவு? 50 × 100 ÷ 52 = 96 கிலோவும் கொஞ்சமும். ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிற ஓரலகு முறைதான். சதவீதம் என்ற சொல் வந்தாலே அது எதன் சதவீதம் என்று கேட்காமல் பெருக்கிவிடுகிறோம், கைப்பேசியும் கேட்பதில்லை. 50 கிலோ மூட்டை இரண்டாக, 100 கிலோ ஓட்டுப்புளி என்று முடிவானது.

கூலி எந்தக் கிலோவுக்கு?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கேதான் கொட்டைப்புளி தோற்றுப்போனது.

இந்தப் பக்கத்தில் புளி தட்டுவது பெண்களுக்கு ஒரு பருவ வேலை. மாசி, பங்குனியில் திண்ணை திண்ணையாகச் சத்தம் கேட்கும். ஓடு உடைப்பதற்குத் தனிக் கூலி, கொட்டை எடுப்பதற்குத் தனிக் கூலி. அந்த ஊரில் பேசியது, ஓடு உடைக்கக் கிலோவுக்கு 6 ரூபாய், கொட்டை எடுக்கக் கிலோவுக்கு 20 ரூபாய். இரண்டும் "கிலோவுக்கு"தான். ஆனால் ஒரே கிலோ இல்லை. ஓடு உடைப்பவருக்கு முன்னால் இருக்கும் மூட்டையை எடை போட்டுக் கூலி. கொட்டை எடுப்பவருக்கு, எடுத்து முடித்த சதையை எடை போட்டுக் கூலி. இது எழுதி வைத்த சட்டம் அல்ல, நடைமுறை.

ஆகவே 6 ரூபாயையும் 20 ரூபாயையும் கூட்டி 26 என்று எழுத முடியாது. ஒரு கிலோ சதை கிடைக்க 1.923 கிலோ ஓட்டுப்புளியை உடைக்க வேண்டும். உடைக்கிற கூலி 6 ÷ 0.52 = 11 ரூபாய் 54 காசு. அதோடு 20 சேர்த்தால் 31 ரூபாய் 54 காசு.

கொட்டைக்கு வரவும் உண்டு. புளியங்கொட்டையை மாவாக்கித் துணிக்குக் கஞ்சி போடப் பயன்படுத்துகிறார்கள், அதனால் வாங்க ஆள் வருவார்கள். கிலோ 12 ரூபாய் என்று பேசியிருந்தது. 52 கிலோ சதைக்கு 35 கிலோ கொட்டை வருகிறது என்றால், ஒரு கிலோ சதைக்கு 0.673 கிலோ, 8 ரூபாய் 8 காசு வரவு. ஓடு அடுப்புக்குப் போய்விடும், அதற்கு விலை வைக்கவில்லை.

இப்போது மூன்றையும் பாருங்கள். ஓட்டுப்புளி: 80.77 + 31.54 − 8.08 = 104.23. கொட்டைப்புளி: 120.69 + 20 − 7.86 = 132.83. சுத்தப்புளி: 130.

விலைப்பட்டியலில் நடுவில் நின்ற கொட்டைப்புளி, கணக்கில் எல்லாவற்றையும்விட அதிகமாகிவிட்டது. 12 கிலோ வீட்டு அக்கா பல வருஷமாகக் கொட்டைப்புளிதான் வாங்குகிறவர். "ரெண்டுக்கும் நடுவுல இருக்குது, வேலையும் பாதி, விலையும் பாதினு நெனச்சேன்" என்றார். அவர் தன் கைவேலைக்குக் கூலி போட்டுப் பார்த்ததில்லை. போடாவிட்டால் கொட்டைப்புளி 113 ரூபாய்க்குள் நிற்கும், அவரைப் பொறுத்தவரை லாபம்தான். சொந்த உழைப்புக்கு விலை வைப்பதா வேண்டாமா என்பதைக் குறுக்குப் பெருக்கல் சொல்லாது. அதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். என் கருத்து, ஐந்து வீடு சேரும்போது கண்டிப்பாக வைக்க வேண்டும். இல்லையென்றால் தட்டியவரின் உழைப்பு தட்டாதவரின் பானைக்கு இலவசமாகப் போய்ச் சேரும்.

வண்டி வாடகை

மண்டி 25 கிலோமீட்டர். மினி லாரிக்காரர் முதல் 10 கிலோமீட்டருக்கு 600, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 20 என்றார். 600 + 15 × 20 = 900 ரூபாய்.

தருமபுரியில் ஓட்டுப்புளி 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அங்கே போகலாமே என்று ஒரு யோசனை வந்தது. தூரம் 40 கிலோமீட்டர். 25-க்கு 900 என்றால் 40-க்கு 1,440 என்று 15 கிலோ வீட்டு அண்ணன் கணக்குப் போட்டு, வேண்டாம் என்றார். முடிவு சரி, வழி தப்பு. வாடகையில் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கிறது; அது தூரத்தோடு சேர்ந்து வளர்வதில்லை. உண்மையான வாடகை 600 + 30 × 20 = 1,200. கூடுதல் செலவு 300 ரூபாய். புளியில் மிச்சம் கிலோவுக்கு 2 ரூபாய் வீதம் 100 கிலோவுக்கு 200. நூறு ரூபாய் நஷ்டம். 150 கிலோ வாங்கினால் சமம், அதற்கு மேல் வாங்கினால் தருமபுரிதான் லாபம். பதினைந்து வீடு சேர்கிற ஊராக இருந்தால் பதிலே மாறியிருக்கும்.

900 ரூபாயைப் பிரிப்பதில்தான் உண்மையான வாக்குவாதம். வீட்டுக்கு 180 என்று சமமாகப் பிரிக்கலாம் என்றார் மெஸ் அண்ணன். ஆயாவுக்கு ஒப்பவில்லை.

"ஆறு கிலோவுக்கும் பதினஞ்சு கிலோவுக்கும் ஒரே வாடகையா சாமி?"

"வண்டி என் மூட்டைக்காக மட்டுமா வந்துச்சு ஆயா? நான் இல்லேன்னாலும் அவரு 900-தான் கேட்டிருப்பாரு."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் சிக்கல். எடைப்படி பிரித்தால் கிலோவுக்கு 18 ரூபாய். ஆயாவுக்கு 108, அண்ணனுக்கு 270. ஆனால் வாடகை எடையைப் பொறுத்ததே இல்லை. 60 கிலோ ஏற்றினாலும் 900தான். விகிதப்படி பிரிப்பது நியாயம் என்று நம் மனசுக்குப் படுவதற்குக் காரணம் பழக்கம். வண்டிக்காரர் வாடகை போட்ட முறையில் அதற்கு இடமில்லை. மறுபக்கம், சமமாகப் பிரித்தால் ஆயாவின் ஒவ்வொரு கிலோவின் மேலும் 30 ரூபாய் ஏறுகிறது, அண்ணனின் கிலோ மேல் 12. அப்படியானால், மண்டியின் 130 ரூபாயோடு ஒப்பிட்டால் ஆயாவுக்கு இந்தக் கூட்டில் இருப்பதைவிட வெளியே போவது மேல்.

கடைசியில் பாதியை வீட்டுக்குச் சமமாகவும் பாதியை எடைப்படியும் வைத்தார்கள். 450 ரூபாய் ஐந்து வீட்டுக்கு, தலைக்கு 90. மீதி 450 ஐம்பது கிலோவுக்கு, கிலோவுக்கு 9. ஆயாவுக்கு 90 + 54 = 144. அண்ணனுக்கு 90 + 135 = 225. மற்றவர்களுக்கு 198, 162, 171. கூட்டினால் 900. இந்தப் பாதிக்குப் பாதி எந்தச் சூத்திரத்திலிருந்தும் வரவில்லை, திண்ணைப் பேச்சில் வந்தது.

வெயில் குடித்த நான்கு கிலோ

மூட்டைகள் வந்தன. ஓடு உடைக்க ஒரு தம்பதியைக் கூலிக்கு வைத்தார்கள், 600 ரூபாய். கொட்டை எடுப்பதை வீட்டுக்காரர்களே செய்தார்கள். 9 கிலோ வீடு 22 கிலோ, 12 கிலோ வீடு 20 கிலோ, ஆயா 10 கிலோ. மொத்தம் 52 கிலோ, மாதிரியில் வந்த விகிதம் அப்படியே வந்தது. கூலி 440, 400, 200, ஆக 1,040. மெஸ் வீடும் கம்பெனி வேலை வீடும் கை வைக்கவில்லை.

நாளைக்கு ஒருவர் 6 கிலோ எடுப்பார் என்று வைத்து, நான்கு பேர் என்றால் இரண்டு நாளும் கொஞ்சமும் ஆகும் என்றுதான் முதலில் திட்டம். ஆள் கூடினால் நாள் குறையும், எதிர் மாறல். அதற்கு எல்லோருக்கும் கல்லும் இரும்புத் தண்டும் வேண்டும். இருந்தது இரண்டு செட். ஆள் நான்கானாலும் வேலை இரண்டு பேர் வேகத்தில்தான் ஓடியது. சரி, அதை விடுங்கள்.

பானையில் வைப்பதற்கு முன் வெயிலில் காயப்போட்டார்கள். எடை போட்டால் 48 கிலோ. மாதிரியைத் தட்டியவுடன் ஈரத்தோடு நிறுத்ததால் 52 வந்தது. காய்ந்த சதைக்கு விகிதம் 100-க்கு 48. 50 கிலோ கேட்ட இடத்தில் 48 இருந்தால் ஒவ்வொருவர் பங்கும் 48/50, அதாவது 0.96 மடங்கு. 12 கிலோ வீட்டுக்கு 11.52, அடுத்து 7.68, 14.40, 5.76, 8.64. மெஸ்ஸுக்கு முழுசாக 15 கொடுத்துவிட்டு மீதியை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மொத்தக் கணக்கு: புளி 4,200, வாடகை 900, ஓடு உடைத்தது 600, கொட்டை எடுத்தது 1,040. ஆக 6,740. கொட்டை விற்ற 420 போக 6,320. 48 கிலோவுக்குப் பிரித்தால் கிலோ 131 ரூபாய் 67 காசு.

"130 ரூபாய்க்கு மண்டியிலேயே சுத்தமா கிடைச்சுதே! எதுக்கு இவ்வளவு பாடு?" என்று 8 கிலோ வீட்டுக்காரர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த 130-ல் வாடகை இல்லை. அதே வண்டியில் சுத்தப்புளி 48 கிலோ கொண்டுவந்திருந்தால் 6,240 + 900 = 7,140, கிலோ 148 ரூபாய் 75 காசு. இந்த ஒப்பீட்டில் 17 ரூபாய் மிச்சம்.

ஆனால் 48 கிலோ சுத்தப்புளிக்கு மினி லாரி எதற்கு? இரண்டு சின்ன மூட்டைதான். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மூட்டைக்கான கட்டணம், மண்டியிலிருந்து நிறுத்தம் வரை ஆட்டோ, எல்லாம் 150-க்குள் முடியும். 6,390 ரூபாய், கிலோ 133 ரூபாய் 13 காசு. ஓட்டுப்புளிக்கு வண்டி கட்டாயம், ஏனென்றால் சதையின் அளவுக்குச் சமமாக ஓடும் கொட்டையும் வண்டியில் ஏறி வருகின்றன. இதுதான் நேர்மையான ஒப்பீடு. மிச்சம் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய், மொத்தமாக 70 ரூபாய்.

சுத்தப்புளியும் வெயிலில் காயுமே என்று கேட்கலாம். காயும். அதை யாரும் காயவைத்துப் பார்க்கவில்லை. நூற்றுக்கு ஒரு பங்கு காய்ந்தாலே சுத்தப்புளிப் பக்கம் 63 ரூபாய் கூடும் என்பதை மட்டும் தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.

யாருக்கு எவ்வளவு

70 ரூபாய் மிச்சம் என்பது ஐந்து வீட்டுக்கும் சேர்ந்த எண். தனித்தனியாகப் பார்த்தால் படம் வேறு. வாடகை தவிர்த்த 5,420 ரூபாயை எடைப்படி பிரித்து, வாடகைப் பங்கைச் சேர்த்து, தட்டிய கூலியைக் கழித்தால், 9 கிலோ வீட்டுக்கு ஒரு கிலோ 81 ரூபாய் 78 காசுக்கு விழுந்திருக்கிறது. 12 கிலோ வீட்டுக்கு 95 ரூபாய் 38 காசு. ஆயாவுக்கு 103 ரூபாய் 19 காசு. மெஸ்ஸுக்கு 128 ரூபாய் 54 காசு. 8 கிலோ வீட்டுக்கு 134 ரூபாய் 1 காசு. பேருந்தில் சுத்தப்புளி வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் 133.13-ஐவிட 88 காசு அதிகம்.

மிச்சம் என்று எல்லோரும் பேசியதில் பெரும்பகுதி மண்டி விலையில் இல்லை. அது 1,040 ரூபாய்க் கூலி. வெளியே போக வேண்டிய கூலி மூன்று வீட்டுக்குள்ளேயே நின்றது, அவ்வளவுதான்.

ஆயாவின் கணக்கில் இன்னொரு சங்கதி. அவர் மண்டிக்குப் போய் 130-க்கு வாங்கப்போகிறவர் இல்லை. தெருமுனைக் கடையில் 200 கிராம் பொட்டலம் 36 ரூபாய்க்கு வாங்குகிறவர். பொட்டலத்தில் மொத்த விலையோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று 2021-ல் எடையளவுச் சட்ட விதிகளைத் திருத்தினார்கள். கிலோவுக்குக் குறைந்த பொட்டலம் என்றால் கிராமுக்கு என்ன விலை என்று. அப்படிப் பார்த்தால் கிராம் 18 காசு. படிக்கும்போது ஒன்றுமே இல்லை போலிருக்கிறது. ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 180 ரூபாய். ஆயாவின் 5.76 கிலோவுக்கு அந்தக் கடையில் 1,036 ரூபாய் 80 காசு ஆகியிருக்கும்; கூட்டில் அவர் கொடுத்தது 594 ரூபாய் 40 காசு. மற்ற நால்வருக்கும் 133 ரூபாயோடு ஒப்பிடுவது சரி. ஆயாவுக்கு 180-ஓடுதான் ஒப்பிட வேண்டும். ஐந்து பேரில் கிலோவுக்கு அதிகம் மிச்சம் பிடித்தவர், குறைவாக வாங்கிய ஆயாதான்: கிட்டத்தட்ட 77 ரூபாய்.

அடுத்த மாசிக்கு வேறு யோசனை இருக்கிறது. ஊருக்குள்ளேயே புளியமரங்களை ஏலம் எடுத்தவரிடம் ஓட்டுப்புளியாகக் கேட்கலாம் என்கிறார்கள். வண்டி வேண்டாம். 900 ரூபாய் 100 கிலோ ஓட்டுப்புளியின் மேல் கிலோவுக்கு 9 ரூபாய் என்று விழுகிறது. ஆகவே ஏலக்காரர் 42-க்குப் பதிலாக 51 கேட்டாலும் நஷ்டமில்லை, 45-க்குப் படிந்தால் சுத்தப்புளி கிலோ 119 ரூபாய்க்கு வந்துவிடும். இதற்கு முன் அவருடைய மரத்திலும் இரண்டு கிலோ தட்டிப் பார்க்க வேண்டும், இந்த முறை காயவைத்த பிறகு எடை போட வேண்டும். 8 கிலோ வீட்டுக்காரர்கள் இப்போதே 10 கிலோ என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். தட்டுவதற்கு மட்டும் ஆள் அனுப்ப முடியாதாம்.